டோனர் குழு பட்டினி கிடந்தது ஏன்?

1846 ஜூன் 16 அன்று, கலிஃபோர்னியாவில் குடியேற மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்த டாம்சன் டோனர், பிளாட் ஆற்றங்கரை முகாமிலிருந்து தன் ஊர்த் தோழிக்கு ஒரு கடிதம் எழுதினார். அது இல்லினாய் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டு செய்தித்தாளில் அச்சானதால் இன்றும் நமக்குப் படிக்கக் கிடைக்கிறது. இவ்வளவு தூரம் இவ்வளவு சுலபமாக வந்துவிடுவோம் என்று நினைக்கவே இல்லை என்கிறார். இதைவிட மோசமாக இனி ஏதும் வராவிட்டால், கஷ்டமெல்லாம் கிளம்புவதில்தான் என்று சொல்லிவிடலாமாம். விறகு இல்லை, ஆனால் பைசன் எருமையின் காய்ந்த சாணம் சட்டென்று பற்றிக்கொள்கிறது, அதில் வாட்டிய இறைச்சி ஹிக்கரி மரக் கரியில் வாட்டியது போலவே ருசிக்கிறது என்றும் எழுதுகிறார். நடுவே வீட்டுக் கணக்கும் வருகிறது. ஆளுக்கு 150 பவுண்டு மாவு, 75 பவுண்டு இறைச்சி எடுத்து வந்திருக்கிறோம். இறைச்சிக்குப் பஞ்சமில்லை. ரொட்டிக்குத்தான் தட்டுப்பாடு வரும் போலிருக்கிறது.

எட்டு மாதம் கழித்து, அவர் சேர்ந்திருந்த குழு சியரா நெவாடா மலைப்பனியில் மாட்டுத்தோலை வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தது. பிறகு இறந்தவர்களின் உடல்களையும் தின்றது. டோனர் குழு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது இந்தக் கடைசிப் பகுதிதான். சாமான் கட்டியதிலிருந்து பனியில் சிக்கியது வரையுள்ள ஆறு மாதத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு ஆர்வம் அந்த ஆறு மாதத்தில்தான். இவர்கள் அஜாக்கிரதையாகக் கிளம்பியவர்கள் இல்லை. வசதியான குடும்பங்கள், நல்ல வண்டிகள், போதுமான சாப்பாடு எல்லாம் இருந்தன. அப்படியிருந்தும் ஏன் இந்தக் கதி?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களிடம் முதலில் தீர்ந்துபோனது நாட்கள். நாட்களோடு மாடுகள் போயின. மாடுகள் போனபின், வண்டியில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மாவுக் கணக்கு

மிசூரியின் இண்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து பசிபிக் கரைப்பக்கம் போகச் சுமார் 2,000 மைல். மாட்டு வண்டியில் நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். கிளம்பும் தேதியை மனிதர்கள் தீர்மானிப்பதில்லை, புல் தீர்மானிக்கும். ஏப்ரல் கடைசியில் சமவெளியில் புல் முளைப்பதற்கு முன் கிளம்பினால் மாடு பட்டினி. தாமதித்தால் மறுமுனையில் மலைமேல் பனி. இரண்டுக்கும் இடையில் இருக்கும் சந்துக்குள் முழுப் பயணமும் முடிய வேண்டும். ஜூலை 4-க்குள் இன்றைய வயோமிங்கில் உள்ள இண்டிபென்டன்ஸ் ராக் பாறையைத் தொட்டுவிட வேண்டும் என்பது அந்தப் பாதையில் போனவர்களின் பொதுக் கணக்கு.

என்ன எடுத்துப்போக வேண்டும் என்பதற்கும் கணக்கு இருந்தது. 1845-இல் லான்ஸ்ஃபோர்டு ஹேஸ்டிங்ஸ் என்ற இளம் வழக்கறிஞர் குடியேறிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டி நூலில் ஆளுக்குக் குறைந்தது 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு உப்பிட்ட பன்றி இறைச்சி, 20 பவுண்டு சர்க்கரை, 10 பவுண்டு காப்பி, 10 பவுண்டு உப்பு என்று பட்டியல் போட்டிருக்கிறார். மொத்தம் 390 பவுண்டு, அதாவது 177 கிலோ. ஆறு பேர் குடும்பம் என்றால் சாப்பாடு மட்டுமே ஒரு டன்னைத் தாண்டும். பத்தடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட ஒரு பண்ணை வண்டிக்குப் பத்திரமான சுமையே ஏறக்குறைய அவ்வளவுதான். கூடாரம், போர்வை, கருவிகள், துப்பாக்கி, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாவற்றையும் எங்கே வைப்பது? எனவே எல்லாக் குடும்பமும் எங்காவது குறைக்கத்தான் செய்தது. டாம்சன் மாவைக் கால் பங்கும் இறைச்சியைப் பாதியும் குறைத்திருக்கிறார். வழியில் பைசன் கிடைக்கும், கூடவே கறவை மாடுகள் நடந்து வருகின்றன. இறைச்சியைக் குறைத்தது நியாயம்தான். மாவைக் குறைத்ததுதான் அவருக்கே உறுத்தியிருக்கிறது.

அந்தக் கவலையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு மாவு என்று வைத்துக்கொண்டால் 150 பவுண்டு 150 நாளுக்கு வரும். அவர்கள் இண்டிபென்டன்ஸை விட்டுக் கிளம்பியது மே 12. அங்கிருந்து 150 நாள் என்றால் அக்டோபர் 9. ஹேஸ்டிங்ஸ் சொன்ன 200 பவுண்டு நவம்பர் 28 வரை ஓடும். குழந்தைகள் குறைவாகச் சாப்பிடுவார்கள் என்பதால் உண்மையில் இன்னும் சில நாள் நீளும். அந்த ஆண்டு முறையாகப் போன வண்டிகள் செப்டம்பர், அக்டோபரில் கலிஃபோர்னியா சேர்ந்துவிட்டன. அவர்களுக்கு 150 பவுண்டே போதும். ஆக டாம்சன் கட்டிய மூட்டை தப்பில்லை, அந்த மூட்டைக்குள் தாமதத்துக்கு இடமில்லை, அவ்வளவுதான். தாமதம் தொடங்கியதும் சேர்த்து வைத்த மாவு மட்டும் நாள்காட்டியோடு ஓட முடியாமல் போனது.

வண்டியும் மாடும்

குழுவின் மையம் ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள்: அறுபது வயதை ஒட்டிய விவசாயி ஜார்ஜ் டோனர், அவர் தம்பி ஜேக்கப், மரச்சாமான் தொழில் நடத்திய ஜேம்ஸ் ரீட். ஆளுக்கு மூன்று வண்டி. ஜார்ஜ் டோனரின் மூன்றில் ஒன்று குடும்பம் உட்கார, ஒன்று சாப்பாட்டுக்கும் முகாம் சாமானுக்கும், ஒன்று முழுக்க வியாபாரச் சரக்கு. வழியில் செவ்விந்தியர்களிடம் பண்டமாற்று செய்யக் கண்ணாடி மணி, கைக்குட்டை, சீட்டித்துணி. கலிஃபோர்னியாவில் நிலம் பேச உதவும் என்று உயர்ந்த துணி வகைகள். ஜார்ஜின் மனைவி டாம்சன் பள்ளி ஆசிரியை. அங்கே போய்ப் பெண்களுக்கு ஒரு பள்ளி தொடங்கும் ஆசையில் புத்தகம், வண்ணக் கலவை, செடி பதப்படுத்தும் கருவிகள் எல்லாம் கட்டியிருந்தார்.

ரீட் செய்வித்த பெரிய வண்டியைப் பற்றி ஏளனம் செய்யாத எழுத்தாளர் கிடையாது. பக்கவாட்டில் ஏறும் படி, சுருள்வில் வைத்த இருக்கை, உள்ளே இரும்படுப்பு. ரீட்டின் மனைவி மார்கரெட் தலைவலிக்காரர். அவருடைய 70 வயது தாய் சாரா கீஸ் படுத்த படுக்கை. மகளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூட வந்தவர் அவர். மே 29 அன்று, இன்றைய கான்சாஸில் வழியிலேயே இறந்துபோனார். அந்த வண்டியின் ஆடம்பரம்தான் குழுவை அழித்தது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்றைய யூட்டாவின் வாசாட்ச் மலைவரை அது மற்ற வண்டிகளோடு சேர்ந்தேதான் வந்தது. மலையில் எல்லா வண்டியும் தடுமாறியது.

மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவேறு கழுதை வேகமானது, ஆனால் விலை அதிகம், நல்ல தீனி கேட்கும். எருது மணிக்கு இரண்டு மைல்தான் நடக்கும், ஆனால் காய்ந்த புல்லைத் தின்று பிழைக்கும், திருடனுக்கும் அதன்மேல் அவ்வளவு ஆசை இல்லை. நெருக்கடி வந்தால் அடித்துச் சாப்பிடவும் செய்யலாம். ஆகவே குடும்பமாகப் போனவர்கள் பெரும்பாலும் எருதையே பூட்டினார்கள். சுமை குறைய, உடம்பு தெம்பாக இருக்கும் எல்லோரும் கூடவே நடந்தார்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்து போனவர்கள் நோயாளிகளும் கைக்குழந்தைகளும்தான்.

வண்டிக்கும் தினம் வேலை இருந்தது. பின்பக்கத்தில் வண்டி மைச் சட்டி தொங்கும், தாரும் கொழுப்பும் கலந்தது. அதை அச்சில் தடவாமல் விட்டால் குடம் தேய்ந்து சூடேறிவிடும். மேற்கே போகப் போகக் காற்று வறண்டு, சக்கர மரம் சுருங்கும். வட்டைக்கும் இரும்புப் பட்டைக்கும் இடையில் இடைவெளி விழும், பட்டை கழன்று உருண்டோடும். ராத்திரி சக்கரத்தைக் கழற்றி ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், அல்லது இடைவெளியில் மரச்சில்லு அடித்து இறுக்குவார்கள். இதற்கெல்லாம் ஆற்றங்கரை வேண்டும். இவர்கள் பிறகு பிடித்த குறுக்குப் பாதையின் பாலைவனத்தில் ஆறு இல்லை.

குறுக்கு வழி

ஹேஸ்டிங்ஸின் நூலில் சாப்பாட்டுப் பட்டியலைத் தவிர இன்னொன்றும் இருந்தது. பழைய பாதையை விட்டுப் பிரிந்து கிரேட் சால்ட் ஏரியின் தென்பக்கம் நேராகப் போகும் ஒரு குறுக்கு வழி. அதை எழுதியபோது அவரே அந்த வழியில் போனது கிடையாது! 1846 வசந்தத்தில்தான் கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்கே வந்து அதை முதல்முறை கடந்தார். அதுவும் வண்டி இல்லாமல், குதிரையில்.

அந்தப் பயணத்தில் அவரோடு வந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிளைமன், மலைகளில் பல ஆண்டு திரிந்த வேட்டைக்காரர். ஜூன் கடைசியில் லாரமி கோட்டையருகே அவர் ரீட்டைச் சந்தித்தார். 1832 பிளாக் ஹாக் போரில் இருவரும் ஒரே படைப்பிரிவு (ஆபிரகாம் லிங்கனும் அதே பிரிவில் இருந்தவர்தான்). பழக்கப்பட்ட வண்டித்தடத்தை விடாதே, அதில் போனாலே கரைசேர்வது கஷ்டம், அதை விட்டால் சேரவே முடியாமல் போகலாம் என்று கிளைமன் எச்சரித்தார். பக்கத்தில் இன்னொரு நேர்வழி இருக்கும்போது எதற்குச் சுற்ற வேண்டும் என்பது ரீட்டின் பதில்.

ஜூலை 19, 20 வாக்கில் லிட்டில் சாண்டி ஆற்றங்கரையில் வண்டிக்கூட்டம் பிரிந்தது. பெரும்பகுதி பழைய வழியில் போய், பத்திரமாகச் சேர்ந்தது. இருபது வண்டி அளவில் குறுக்கு வழிக்குத் திரும்பி, ஜார்ஜ் டோனரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தன. பிரிட்ஜர் கோட்டையிலிருந்து ஜூலை 31 அன்று ரீட் எழுதிய கடிதத்தில் குறுக்கு வழியில் 350, 400 மைல் குறையும் என்றும், ஏழு வாரத்தில் கலிஃபோர்னியாவின் சட்டர் கோட்டை சேர்ந்துவிடலாம் என்றும் நம்பிக்கையாகச் சொல்கிறார். அதே கோட்டையில் அவர்களுக்கென்று எட்வின் பிரையன்ட் எச்சரிக்கைக் கடிதங்கள் விட்டுப் போயிருந்தார். தன் எருதுகளை லாரமியிலேயே கோவேறு கழுதைக்கு மாற்றிக்கொண்டு முன்னே போனவர் அவர். கழுதையோடு போகும் ஆண்களுக்கு இந்தப் பாதை பரவாயில்லை, குடும்பங்களும் வண்டியும் வரக்கூடாது என்பது அவருடைய முடிவு. கடிதங்கள் கைக்கு வரவேயில்லை. அந்த இடத்தில் வியாபாரம் செய்த பிரிட்ஜருக்கும் வாஸ்கெஸுக்கும் குறுக்கு வழியில் ஆள் போனால்தான் லாபம். கடிதத்தை அவர்கள்தான் மறைத்தார்கள் என்று ரீட் பிற்பாடு நம்பினார்.

குறுக்கு வழியைத் தேர்ந்ததே சாவு என்றும் சொல்லிவிட முடியாது. ஹேஸ்டிங்ஸ் தானே முன்னால் அழைத்துப் போன அறுபதுக்கு மேற்பட்ட வண்டிகளும் அதே வழியில்தான் போயின. பனி விழுவதற்குச் சற்று முன் அவை மலையைத் தாண்டிவிட்டன. பின்னால் போனவர்களுக்குத்தான் பாதை மூடியது.

பதினாறு நாள், நாற்பது மைல்

ஆகஸ்ட் 6 அன்று வெபர் ஆற்றருகே ஒரு புதரில் ஹேஸ்டிங்ஸ் செருகி வைத்த சீட்டு கிடைத்தது: முன்னே உள்ள பள்ளத்தாக்கு மோசம், எனக்கு ஆள் அனுப்புங்கள், வேறு வழி காட்டுகிறேன். ரீட் இரண்டு பேரோடு குதிரையில் துரத்திப் போய் ஹேஸ்டிங்ஸைப் பிடித்தார். அவர் திரும்பி வர மறுத்து, ஒரு குன்றின் உச்சியிலிருந்து கையை நீட்டி, அந்தப் பக்கமாகப் போகலாம் என்று காட்டினாராம். அவ்வளவுதான் வழிகாட்டல்.

வண்டிகள் வாசாட்ச் மலைக்குள் தாங்களே ரோடு போட வேண்டியதாயிற்று. வில்லோ புதரையும் ஆஸ்பென் மரத்தையும் வெட்டி, பாறையை நகர்த்தி, ஒரே ஓடையைத் திரும்பத் திரும்பக் கடந்து, கடைசி மேட்டில் வண்டிக்கு வண்டி பல ஜோடி மாட்டை ஒன்றாகப் பூட்டி இழுத்து ஏற்றினார்கள். நடுவில் கிரேவ்ஸ் குடும்பம் வந்து சேர்ந்தது, மொத்தம் 87 பேர் ஆனார்கள். சால்ட் ஏரிப் பள்ளத்தாக்கில் இறங்கியது ஆகஸ்ட் 22. நாற்பது மைலுக்கும் குறைந்த தூரத்துக்குப் பதினாறு நாள். அடுத்த ஆண்டு பிரிகம் யங் தலைமையில் வந்த மார்மன் மதப்பிரிவினர் இவர்கள் வெட்டிய ரோட்டிலேயே சில நாளில் இறங்கிவிட்டார்கள்.

அப்புறம் உப்புப் பாலைவனம். கிழிந்து கிடந்த ஒரு சீட்டுத் துண்டுகளைப் பொறுக்கி டாம்சன் முழங்காலில் வைத்துப் பொருத்திப் படித்தார்: இரண்டு பகல், இரண்டு இரவு கடும் ஓட்டம், பிறகு தண்ணீர். ஹேஸ்டிங்ஸ் 40 மைல் என்று சொன்னது உண்மையில் 80 மைல். ஆகஸ்ட் 30-இல் உள்ளே இறங்கினார்கள். மேலே உப்புப் படலம், கீழே சேறு. சக்கரம் அமுங்க அமுங்க மாடுகள் இழுத்தன. தண்ணீர்ப் பீப்பாய் மூன்றாம் நாளே காலி. குழந்தைகளின் நா வறளாமலிருக்க டாம்சன் முதலில் சர்க்கரைக் கட்டியில் ஒரு சொட்டு பெப்பர்மின்ட் விட்டுக் கொடுத்தார். பின்னர் தட்டையாக்கிய ஈயக் குண்டு ஒன்றை ஆளுக்கொன்றாக வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார்.

மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட ஓட்டிப் போனபோது ரீட்டின் மாடுகள் தண்ணீர் மணம் பிடித்தோ என்னவோ வெறிகொண்டு இருட்டில் ஓடிவிட்டன. ரீட், மார்கரெட், நான்கு குழந்தைகள் எல்லோரும் ராத்திரி நடந்தார்கள். குளிர் தாங்காமல் குழந்தைகளைப் போர்வைக்குள் ஒடுக்கி நாய்களைச் சுற்றிப் படுக்க வைத்தார்கள். பைலட் பீக் மலையடி ஊற்றருகே பல நாள் தேடியும் ரீட்டுக்குக் கிடைத்தது ஓர் எருதும் ஒரு பசுவும். குழு முழுவதற்கும் 36 மாடு இழப்பு. நான்கு வண்டிகளை அங்கேயே விட்டார்கள். ரீட் தன் உணவுப்பொருளை மற்ற வண்டிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். மிச்சச் சாமானைப் புதைத்தார்.

அங்கேதான் குழு தன் முதல் சரக்குக் கணக்கு எடுத்தது. செப்டம்பர் நடு. இருக்கும் உணவு கலிஃபோர்னியா வரை காணாது என்று தெரிந்தது. சார்ல்ஸ் ஸ்டான்டனும் வில்லியம் மெக்கட்சனும் குதிரையில் சட்டர் கோட்டைக்கு முன்னே அனுப்பப்பட்டார்கள். இந்தப் பயணத்தில் எடுத்த முடிவுகளிலேயே முழுக்கச் சரியானது இது ஒன்றுதான் என்பேன். ஸ்டான்டனுக்கு மலையின் அந்தப் பக்கம் உறவு என்று ஒருவரும் கிடையாது, மலைக்கு அப்புறமே இருந்துவிட்டிருக்கலாம். ஆனால் அக்டோபர் 19 வாக்கில் ஏழு கழுதைகளும் மாவும் உலர் இறைச்சியும், சட்டரிடம் வேலை செய்த மிவோக் இனத்து லூயிஸ், சல்வடோர் இருவரும் கூட வர, அவர் திரும்பி வந்தார். மெக்கட்சன் அங்கே நோயில் படுத்துவிட்டார்.

ரூபி மலையைத் தெற்கே சுற்றி வந்து பழைய பாதையில் ஹம்போல்ட் ஆற்றங்கரையில் சேர்ந்தது செப்டம்பர் 26. மிச்சம் பிடிக்கப் போன வழி, பழைய வழியைவிட 125 மைல் அதிகம்.

அதற்குப் பிறகு நடந்த சண்டைகளையும் சாவுகளையும் மனிதர்களின் குணக்கேடாகத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். எனக்கு அவற்றில் தெரிவது மாட்டுப் பஞ்சம். அக்டோபர் 5 அன்று மணல்மேட்டில் களைத்த மாடுகள் ஒன்றோடொன்று சிக்கியதில் தகராறு. ரீட் கத்தியால் ஜான் ஸ்னைடரைக் குத்தினார், ஸ்னைடர் இறந்தார். ரீட்டைக் குழு வெளியேற்றியது. ஹார்ட்கூப் என்ற பெல்ஜிய முதியவரை, மாடு தாங்காது என்று கெஸ்பர்க் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை, பின்தங்கிப் பாலைவனத்திலேயே போய்விட்டார். ஹம்போல்ட் ஆறு மணலில் மறையும் இடத்தருகே அப்பகுதிப் பழங்குடிகளான பையூட் மக்கள் மாடுகளை அம்பெய்து கொன்றார்கள். பதிமூன்று ஆண்டுகளுக்கு முன் வெள்ளையர் வேட்டைக் குழு ஒன்று அவர்களை அங்கே சுட்டுத் தள்ளியிருந்தது. வில்லியம் எட்டிக்கு மிஞ்சியது மூன்று பவுண்டு சர்க்கரை, கொஞ்சம் தோட்டா. ஆளுக்கொரு குழந்தையைச் சுமந்துகொண்டு அவரும் மனைவியும் நடந்தார்கள்.

பூட்டுவதா, அடிப்பதா?

இன்றைய ரீனோ நகரம் இருக்கும் புல்வெளியில் மாடுகள் தெம்பாகட்டும் என்று ஐந்தாறு நாள் நின்றார்கள். தப்பு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். மாடு தெம்பாகாமல் கணவாய் ஏற முடியாது. நவம்பர் நடுவரை பனி வராது என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த ஆண்டுப் பனி முன்கூட்டியே வந்தது. அக்டோபர் 31 அன்று ட்ரக்கி ஏரி, அதாவது இன்றைய டோனர் ஏரி சேர்ந்தபோது 7,000 அடிக்கு மேலுள்ள கணவாயில் ஏற்கெனவே பனி. சில நாள் முயன்றார்கள், ஒருமுறை உச்சிக்கு மிகப் பக்கத்தில் ராத்தங்கினார்கள். காலையில் எழுந்தால் வழி போய்விட்டிருந்தது. டோனர் சகோதரர்கள் அச்சு முறிந்து, அதைச் செதுக்கும்போது ஜார்ஜுக்குக் கையில் வெட்டு விழுந்து, ஆறு மைல் பின்னால் ஆல்டர் க்ரீக்கில் நின்றுவிட்டார்கள். மொத்தம் 81 பேர் சிக்கினார்கள். பாதிக்கு மேல் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள்.

இங்கேதான் எருதின் இரட்டைக் குணம் கழுத்தைப் பிடித்தது. அதுதான் இன்ஜின், அதுதான் கடைசிச் சாப்பாடு. உடனே அடித்துப் பனியில் புதைத்திருந்தால் இறைச்சி கெடாமல் மாதக்கணக்கில் இருந்திருக்கும். ஆனால் அடித்துவிட்டால் பனி சற்று விலகினாலும் வண்டி நகராது. ஆகவே யோசித்தார்கள். யோசித்த ஒவ்வொரு நாளும் மாடு இளைத்தது, எடை குறைந்தது. நவம்பர் கடைசிப் புயலில் பல மாடுகள் எங்கோ பனிக்கடியில் புதைந்து செத்தன. நீளக் கோலின் நுனியில் ஆணி அடித்துக் குத்திக் குத்தித் தேடினார்கள், கிடைக்கவில்லை.

மலைக்கு மறுபுறம் இன்னொரு கணக்கு தப்பிக்கொண்டிருந்தது. அக்டோபர் கடைசியில் சட்டர் கோட்டை சேர்ந்த ரீட், மெக்கட்சனோடு மாவு ஏற்றிக்கொண்டு மலையேறப் பார்த்துப் பனியில் திரும்பினார். குழுவிடம் எத்தனை மாடு இருக்கிறது என்று சட்டர் கேட்க, ரீட் தான் கடைசியாகக் கண்ட எண்ணிக்கையைச் சொன்னார். அப்படியானால் மாடுகளை அடித்து வைத்துக்கொண்டு தாக்குப் பிடிப்பார்கள் என்று சட்டர் மதிப்பிட்டார். ரீட் வெளியேறிய பிறகுதான் பையூட்கள் மாடுகளைக் கொன்றது. அது அவருக்குத் தெரிய வழியில்லை. மெக்ஸிகோவோடு போர் வேறு நடந்துகொண்டிருந்தது, ஆள் கிடைக்கவில்லை. உதவி பிப்ரவரிக்குத் தள்ளிப் போனது.

ஒரே ஏரி, பல அடுப்பு

81 பேரையும் ஒரு குழு என்று சொல்வது பழக்கத்தால்தான். உணவு ஒரு நாளும் பொதுவாக இருந்ததில்லை. அவரவர் மாடு அவரவருக்கு. பிரீன், கிரேவ்ஸ் குடும்பங்களிடம் மாடு இருந்தது. எட்டியிடமும் மார்கரெட் ரீட்டிடமும் இல்லை. கலிஃபோர்னியா சேர்ந்ததும் ஒன்றுக்கு இரண்டாகத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து மார்கரெட் அந்த இரண்டு குடும்பங்களிடமும் மாடு வாங்கினார். எட்டி, தானாகவே பட்டினியில் செத்த ஒரு மாட்டுக்கு 25 டாலர் கொடுத்தார். ஜனவரி கடைசியில் கடன் திரும்பும் நம்பிக்கை போய், கிரேவ்ஸ் வீட்டார் மார்கரெட்டின் சாமான்களை ஜப்தி செய்தார்கள். அவர் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருந்த மாட்டுத்தோலையும் எடுத்துக்கொண்டார்கள். பேட்ரிக் பிரீன் தினம் எழுதிய நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. தோலின் மயிரைத் தீயில் பொசுக்கி, மணிக்கணக்கில் வேகவைத்தால் பசைபோல வரும். பிள்ளைகளுக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். குடிசைக் கூரைக்குப் போட்டிருந்த தோலும் அப்படியே இறங்கிப் பானைக்குள் போனது.

அதே மார்கரெட் கொஞ்சம் பீன்ஸ், கொஞ்சம் இரைப்பைக்கறி, சிறு துண்டு பன்றிக்கொழுப்பு என்று ஒளித்து வைத்திருந்து கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டார்.

அவர்கள் குடியிருந்த குடிசைகளில் ஒன்று புதிதாகக் கட்டியதில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் இதே வழியில் முதன்முதலில் வண்டி கொண்டுவந்த ஸ்டீஃபன்ஸ் குழுவினர் கட்டியது. அவர்கள் விட்டுப்போன வண்டிகளைக் காவல் காக்க நின்றவர்களில் மோசஸ் ஷாலன்பெர்கர் என்ற பதினேழு வயதுப் பையன் கடைசியில் தனியாக மாட்டிக்கொண்டான். பனியில் மான் சுட முடியவில்லை. வண்டியில் கிடந்த இரும்புப் பொறிகளை எடுத்து வைத்து நரி பிடித்தான். ஓநாய் வகைக் கொயோட்டியும் விழுந்தது, ருசி சகிக்கவில்லை என்கிறான். நரியிலேயே குளிர்காலத்தை ஓட்டி, பிப்ரவரியில் மீட்கப்பட்டான். ஒருவனுக்குப் போதுமான நரி ஏரிக்கரையில் இருந்த அறுபது பேருக்குப் போதாது, அது சரிதான். ஆனாலும் டோனர் குழுவில் காட்டில் பிழைக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. எட்டி ஒரு பெரிய கரடியைச் சுட்டதோடு சரி. ஏரியில் மீன் இருந்தது, பிடிக்க வரவில்லை. அந்த மலையின் சொந்தக்காரர்களான வாஷோ மக்கள் உணவு கொடுக்க நெருங்கியதாகவும் துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து விலகியதாகவும் அவர்களுடைய வாய்மொழி வரலாறு சொல்கிறது.

டிசம்பர் 16 அன்று பதினைந்து பேர் பனிச்செருப்புக் கட்டி, ஆறு நாள் உலர் இறைச்சியோடு மலையைக் கடக்கக் கிளம்பினார்கள். ஆனது 33 நாள். உணவும் கழுதையும் கொண்டுவந்த ஸ்டான்டன் பனிக்குருடாகி வழியில் உட்கார்ந்துவிட்டார். செத்தவர்களை மற்றவர்கள் தின்றார்கள். லூயிஸும் சல்வடோரும் சாகும் முன்பே சுடப்பட்டார்கள். உதவிக்கு வந்த இரண்டு பேர். இந்தக் கதை முழுவதிலும் உணவுக்காகவே கொல்லப்பட்டவர்கள் என்று சந்தேகமில்லாமல் தெரிவது இவர்கள் இருவரை மட்டும்தான். ஏழு பேர் வெளியே வந்தார்கள். அதில் ஐந்து பேர் பெண்கள், கிளம்பிய ஐந்து பெண்களும்.

பிப்ரவரி 18-இலிருந்து நான்கு மீட்புக் குழுக்கள் போயின. சாப்பாட்டைத் திரும்பும் வழியில் மரத்தில் கட்டி வைத்தால் விலங்குகள் இறக்கித் தின்றுவிட்டன. மீட்ட ஒரு சிறுவன், வயிறு காய்ந்திருந்த நிலையில் அளவு மீறித் தின்று இறந்தான். 87 பேரில் 48 பேர் பிழைத்தார்கள். டாம்சன் நல்ல உடல்நிலையில்தான் இருந்தார், கணவரை விட்டு வர மறுத்து அங்கேயே இறந்தார். அவர் கூட்டிவந்த ஐந்து பெண்குழந்தைகளும் பிழைத்தன.

குடும்பத்தோடு வந்தவர்கள் அதிகம் தப்பினார்கள். வண்டியோட்டக் கூலிக்கு வந்த திடகாத்திரமான இளைஞர்கள்தான் வரிசையாக முதலில் விழுந்தார்கள். கடும் வேலை முழுக்க அவர்கள் தலையில். அவர்களுக்கென்று ஒரு மாடோ ஒரு மூட்டையோ கிடையாது. ஒருவர்கூடச் சாகாமல் தப்பியவை இரண்டு பெரிய குடும்பங்கள். பிரீன் வீட்டில் மாடும் குடிசையும் இருந்தன. ரீட் வீட்டில் ஒன்றுமே இல்லை. குழு விரட்டிவிட்ட ரீட் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார், இரண்டாவது மீட்புக் குழுவை மார்ச் 1 அன்று அவரே அழைத்து வந்தார்.

2003, 2004-இல் ஆல்டர் க்ரீக் முகாமைத் தோண்டியவர்களுக்கு ஆயிரக்கணக்கான எலும்புச் சில்லுகள் கிடைத்தன. மாடு, குதிரை, மான், நாய் என்று அடையாளம் தெரிந்தது. மனித எலும்பு என்று எதையும் உறுதி செய்ய முடியவில்லை. கூடவே பீங்கான் தட்டுத் துண்டுகளும் எழுதுபலகைத் துண்டுகளும் இருந்தன.

ஹேஸ்டிங்ஸின் பாதை இதோடு மூடப்படவில்லை. தங்க வேட்டை தொடங்கியதும் 1850-இலும் நூற்றுக்கணக்கானோர் அதே உப்புப் பாலைவனத்தில் இறங்கினார்கள், தூரம் மிச்சம் என்று கேள்விப்பட்டு.